நீலம் மேலே, சிவப்பு கீழே

2020 டிசம்பரில் வியாழனும் சனியும் வானத்தில் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. டிசம்பர் 21 அன்று இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான். 1623-க்குப் பிறகு அவை இவ்வளவு நெருங்கியதில்லை. அது கொரோனா காலம். நான் வேலை பார்த்த இடத்தில் ஆர்டர் குறைந்து, மாலையில் சீக்கிரமே வீடு திரும்ப முடிந்தது. அந்த வாரத்தில் மேகம் விலகிய ஒரு நாள், ஆம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கியை வாணியம்பாடிப் பக்கம் திருப்பி வைத்தேன். ஆறரை மணி சுமாருக்கு இரண்டு கோள்களும் அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில் நின்றன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு கேமராவைப் பொருத்தி இரண்டையும் ஒரே சட்டகத்தில் வீடியோவாகப் பதிவு செய்தேன். கோள்களைப் படமெடுப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம். ஆயிரக்கணக்கான பிரேம்கள் எடுத்து, காற்று அலையாமல் இருந்த கணங்களில் பதிந்தவற்றை மட்டும் மென்பொருளால் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவோம்.

அடுக்கி வந்த படத்தை நிமிர்த்திப் பெரிதாக்கினேன். வியாழனின் மேல் விளிம்பில் மெல்லிய நீலக் கோடு. கீழ் விளிம்பில் அதே அளவு சிவப்பு. பக்கத்தில் வரிசையாக நின்ற துணைக்கோள்கள் ஒவ்வொன்றும் மேலே நீலம், நடுவே வெள்ளை, கீழே சிவப்பு என்று நீண்டு கிடந்தன. சனியின் வளையத்திலும் அதே கதை.

அந்த விளிம்பு எனக்குப் பழக்கமான ஒன்று. வாலிப வயதில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஷூ கம்பெனியின் பிரிண்டிங் செக்‌ஷனில். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ இருப்பார்கள். ஷூவுக்குள் பாதம் படும் இடத்தில் ஒட்டும் சாக் துண்டில் வெளிநாட்டு பிராண்டின் முத்திரையை அச்சடிப்பது எங்கள் வேலை. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். மூன்று நிற முத்திரை என்றால் ஒரே துண்டு மூன்று முறை மேசைக்கு வரும். ஒவ்வொரு முறையும் மார்க் மேல் மார்க் உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளினால்கூடப் போதும், எழுத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம் பிதுங்கும், எதிர்ப்பக்கம் இன்னொரு நிறம் பிதுங்கும். அந்த லாட் திரும்பி வந்துவிடும்.

எங்கள் மாஸ்டரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான்: "தம்பி, கலர் சரியில்லன்னு சொல்றதுக்கு முன்னாடி ஓரத்தைப் பாரு. ரெண்டு பக்கமும் பாரு. ஒரு பக்கம் ஒரு கலரும் எதிர்ப்பக்கம் வேற கலரும் தெரிஞ்சா மை நல்லாத்தான் இருக்கு. ஸ்க்ரீன்தான் நகர்ந்திருக்கு."

அந்த டிசம்பரில் அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். மடிக்கணினியை எடுத்துப்போய்ப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நகர்ந்திருக்கு தம்பி."

"பாய், இது ஒரே கேமராவுல ஒரே நேரத்துல எடுத்தது. இதுல ஸ்க்ரீன் எங்க இருக்கு?"

"அப்ப நடுவுல ஏதோ நகர்த்துது. எதுன்னு பாரு. அது தெரியாம தள்ளி ஒட்டாத."

நிறங்களைப் பொருத்தும் வேலையில் நான் பிறகு கற்றுக்கொண்டது எல்லாமே அந்தக் கடைசிச் சொல்லுக்குள் அடங்கும்.

நடுவில் நகர்த்தியது காற்று. நம் தலைக்கு மேல் இருக்கும் வளிமண்டலம் ஒளியை வளைக்கிறது. எல்லா நிறத்தையும் ஒரே அளவு வளைப்பதில்லை. நீலத்தைக் கொஞ்சம் கூடுதலாகவும் சிவப்பைக் கொஞ்சம் குறைவாகவும் வளைக்கிறது. அதனால் நீலப் பிம்பம் உச்சியை நோக்கி மேலேறியும் சிவப்புப் பிம்பம் கீழே தங்கியும் விழுகின்றன. தலைக்கு நேர் மேலே இருக்கும் விண்மீனுக்கு இந்தப் பிரிவு இல்லை. அடிவானத்தை நெருங்க நெருங்க அது வேகமாகக் கூடும். வானத்தில் மிகச் சிறிய கோணங்களை விகலையில் அளப்பார்கள். ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை. 30 பாகை உயரத்தில் ஊதா முனைக்கும் சிவப்பு முனைக்கும் உள்ள விலகல் ஏறத்தாழ 2 விகலை. 20 பாகையில் அது 3 விகலையைத் தாண்டிவிடும். அந்த மாலையில் வியாழனின் முழு வட்டமே 33 விகலைதான். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தூரத்துக்கு நிறங்கள் பிரிந்து கிடந்தன. ஆறு அங்குலத் தொலைநோக்கி 0.8 விகலை அளவுக்கு நுணுக்கம் காட்டக்கூடியது. காற்று அதைப் பல மடங்கு மழுக்கியிருந்தது.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் நம் ஊர் இருக்கும் இடத்தின் அருமை எனக்குப் புரிந்தது. ஆம்பூர் வடக்கு அட்சரேகை 12.8 பாகையில் இருக்கிறது. 2019 கோடையில் வியாழன் வானத்தின் தென்கோடியில் இருந்தபோது லண்டனில் அது அதிகபட்சம் 16 பாகை உயரம்தான் ஏறியது. நமக்கு 55 பாகை. 2024 டிசம்பரில் அது ரிஷப ராசியில் இருந்தபோது இங்கே 80 பாகை உயரத்துக்கு வந்தது. லண்டனில் 4 விகலைக்கு மேல் பிரிந்த நிறம் 2019-இல் நமக்கு ஒரு விகலைக்குள் அடங்கியது. 2024-இல் அதிலும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் வாங்காமல், பிறந்த ஊரே தரும் சலுகை இது. பொறுத்திருந்து, கோள் உச்சிக்கு வரும் நேரத்தில் எடுப்பதைவிடச் சிறந்த நிறத் திருத்தம் கிடையாது.

உச்சியில் எடுக்க முடியாத காட்சிகளும் உண்டு. அந்த டிசம்பர் நெருக்கம் அப்படிப்பட்டது. சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கோள்களும் மறைந்துவிடும். அதற்கு மென்பொருளில் செய்தது இது. படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பிரித்தேன். பச்சையை அசையாமல் வைத்தேன். பச்சை நடுவில் உள்ள நிறம். தவிர, கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த முறைப்படி, வண்ண கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு நான்கு புள்ளியிலும் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. பச்சையில்தான் விவரம் அதிகம். என் கேமராவில் ஒரு புள்ளி கால் விகலைக்குச் சமம். நீலத்தை ஏறத்தாழ நான்கு புள்ளி கீழேயும் சிவப்பை மூன்று புள்ளி மேலேயும் நகர்த்தியதும் துணைக்கோள்கள் வட்டப் புள்ளிகளாக ஒடுங்கின. வியாழனின் இரண்டு பெரிய பட்டைகளும் சாம்பல் கலந்த கலங்கலிலிருந்து வெளிவந்து பழுப்பாகத் தெரிந்தன. செறிவைக் கூட்டவில்லை, எந்த நிறத்தையும் ஏற்றவில்லை. இடம் சரியானதும் நிறம் தானே சரியானது.

இதில் ஓர் எல்லை இருக்கிறது. மூன்று நிறங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தலாம். ஆனால் நீலம் என்று நாம் சொல்வதற்குள்ளேயே ஊதா முதல் பச்சை ஓரம் வரை பல அலைநீளங்கள் உண்டு. அவையும் காற்றில் பிரிந்து இழுபட்டுத்தான் வருகின்றன. அந்த மழுக்கத்தை நகர்த்தி எடுக்க முடியாது. அதற்கு ஒளி கேமராவுக்குள் போகும் முன்பே, எதிர்த்திசையில் பிரிக்கும் இரண்டு பட்டகங்களை வைத்துச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சிறு கருவியைப் பின்னால் வாங்கினேன். தாழ்வான கோள்களுக்கு அது கொடுக்கும் தெளிவு கண்கூடு.

நிறம் பற்றிய அடுத்த பாடம் எனக்குப் பக்கத்து மலையில் கிடைத்தது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு ஆய்வகம் அங்கே இருக்கிறது. தென்வானத்தையும் பார்க்கத்தக்க இருண்ட இடம் தேடி வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த மலை அது. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்கு வளையங்கள் உண்டு என்பதை வெளிப்படுத்திய பதிவுகளில் அந்த 1 மீட்டர் தொலைநோக்கியின் பதிவும் ஒன்று. பாப்பு 1982-இல் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் அவர் பெயரோடு திறக்கப்பட்டது. 1988 பிப்ரவரியில் இரா. இராஜமோகன் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு இராமானுஜன் என்று பெயர். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் காவலூரும் ஒன்றாகத் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்தன.

சனிக்கிழமைகளில் ஆய்வகத்துக்குள் பொதுமக்களை அனுமதிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, வேலை முடிந்த கையோடு நண்பர்களுடன் போயிருக்கிறேன். பெரிய தொலைநோக்கியின் குவிமாடத்துக்குள் நின்று விளக்கம் கேட்டபோது என் மனதில் தங்கியது ஒரு செய்தி. வானியலாளர்களின் சென்சாருக்கு நிறம் தெரியாது. அது ஒளியின் அளவை மட்டும் எண்ணும். முன்னால் நீல வடிகட்டி, பச்சைக்குப் பக்கத்து வடிகட்டி, சிவப்பு வடிகட்டி என்று மாற்றி மாற்றி வைத்துத் தனித்தனியாக எடுப்பார்கள். ஒரு விண்மீன் நீலத்தில் எவ்வளவு, சிவப்பில் எவ்வளவு என்று எண்ணால் ஒப்பிட்டால் அதன் வெப்பநிலை தெரியும். நாம் பத்திரிகையில் பார்க்கும் வண்ண நெபுலாக்களில் பெரும்பாலானவை அப்படி எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பொருத்திச் செய்தவை. 1861-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் மூன்று வடிகட்டிகளால் முதல் வண்ணப் புகைப்படத்தைக் காட்டியபோது இருந்த அதே வழிதான். ஆஸ்திரேலியாவில் வானியல் புகைப்படக்காரர் டேவிட் மாலின் கண்ணாடித் தகடுகளில் எடுத்த மூன்று படங்களை இருட்டறையில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, விண்மீன்களுக்கு உண்மையிலேயே நிறம் உண்டு என்று உலகத்துக்குக் காட்டினார். அவர் கையால் செய்ததை இன்று மென்பொருள் நொடியில் செய்கிறது.

காற்று நிறத்தைப் பிரிப்பது வானியலாளர்களுக்கும் தலைவலிதான். நிறமாலை எடுக்கும்போது விண்மீனின் ஒளியை ஒரு குறுகிய பிளவுக்குள் விடுவார்கள். பிளவு தவறான திசையில் இருந்தால் நீலம் வெளியே விழுந்துவிடும், விண்மீன் இருப்பதைவிடச் சிவப்பாகத் தெரியும். பிளவை அடிவானத்துக்குச் செங்குத்தாகத் திருப்பி வைக்க வேண்டும் என்று 1982-இல் வானியலாளர் அலெக்ஸ் பிலிப்பென்கோ விரிவாகக் கணக்கிட்டு எழுதினார். காற்றுக்கு மேலே போனாலும் பொருத்தும் வேலை தீர்வதில்லை. 2015-இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புறஊதாத் தொலைநோக்கி இருக்கிறது. உண்மையில் அவை இரண்டு தொலைநோக்கிகள். ஒன்று தொலைவுப் புறஊதாவுக்கு, மற்றது அண்மைப் புறஊதாவுக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும். விண்கலம் மெல்ல அசைந்துகொண்டே இருப்பதால், அசைவைப் பின்தொடர்ந்து கணக்கிட்டுக் கழித்த பிறகுதான் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்.

காவலூருக்குப் போய்வந்த பிறகு நானும் வடிகட்டிகளுக்கு மாறினேன். வேலூர் நண்பர் ஒருவர் தன் கறுப்பு வெள்ளை கேமராவைக் கொடுத்து உதவினார். அதில் வியாழனை எடுத்தால் இன்னொன்று நகர்த்தும்: நேரம். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. அருகில் வந்து பெரிதாகத் தெரியும் நாட்களில், வட்டத்தின் நடுவில் இருக்கும் ஒரு புள்ளி நான்கு நிமிடத்தில் ஒரு விகலை நகரும். சிவப்பை முடித்து, பச்சையை முடித்து, நீலத்துக்கு வருவதற்குள் சிவப்புப் பெரும்புள்ளி இடம் மாறியிருக்கும். விளிம்பு கச்சிதமாகப் பொருந்தும், நடுவில் இருக்கும் புயல்களின் ஓரத்தில் மட்டும் நிறம் பிதுங்கும். முழுப் படத்தையும் இழுத்துப் பொருத்தினால் விளிம்பு கெடும். கோளின் சுழற்சியைக் கணக்கிட்டு உருண்டையைத் திருப்பித் தரும் மென்பொருள்தான் இதற்கு மருந்து. அது இல்லாதவர்கள் மூன்று நிறத்தையும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, லென்ஸ் நகர்த்துவது. சாதாரண கேமரா லென்ஸில் ஓரியன் தொகுதியை முழுதாக எடுத்தபோது இதைத் தெளிவாகப் பார்த்தேன். படத்தின் நடுவில் விண்மீன்கள் சுத்தமாக இருந்தன. மூலைகளுக்குப் போகப் போக ஒவ்வொரு விண்மீனுக்கும் மையத்தின் பக்கம் ஒரு நிறமும் வெளிப்பக்கம் ஒரு நிறமும் ஒட்டியிருந்தன. லென்ஸ் நீலப் படத்தை ஓர் அளவிலும் சிவப்புப் படத்தை இன்னோர் அளவிலும் விழச் செய்கிறது. நகர்த்தினால் ஒரு மூலை சரியாகும், எதிர்மூலை இரட்டிப்பாகக் கெடும். அளவையே மாற்ற வேண்டும். விண்மீன் படங்களுக்கான மென்பொருள் இதை நன்றாகச் செய்கிறது. ஒவ்வொரு படத்திலும் விண்மீன்களின் மையங்களைக் கண்டுபிடித்து, மும்மூன்றாகச் சேர்த்து முக்கோணங்கள் போடுகிறது. படம் நகர்ந்தாலும் திரும்பினாலும் பெரிதானாலும் முக்கோணத்தின் பக்க விகிதம் மாறாது. அதை வைத்து எந்த விண்மீன் எது என்று அடையாளம் கண்டு, நகர்வு, திருப்பம், அளவு மூன்றையும் ஒரே கணக்கில் தீர்த்துவிடுகிறது. இதை ஒரே தடவையில் செய்ய விட வேண்டும். ஒவ்வொரு முறை புள்ளிகளை மாற்றி அமைக்கும்போதும் படம் கொஞ்சம் மழுங்கும். முடிந்ததும் நடுவைப் பார்த்துத் திருப்தி அடையாமல் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பொருத்தம் சரியாக இருந்தால் திருவாதிரை செம்மஞ்சளாகவும் எதிர்மூலையில் ரைஜெல் நீலம் தோய்ந்த வெள்ளையாகவும் தாமாகவே நிற்கும்.

ஆக, மூன்று நகர்வுக்கும் மூன்று தடயம். படம் முழுக்க ஒரே செங்குத்துத் திசையில் பிரிந்திருந்தால் காற்று. மையத்திலிருந்து வெளிநோக்கிக் கூடிக்கொண்டே போனால் லென்ஸ். விளிம்பு பொருந்தி உள்ளே மட்டும் பிதுங்கினால் நேரம். இந்த மூன்றிலும் சேராத நிறம் ஒன்று தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். செவ்வாயின் விளிம்பில் சில நாட்களில் நீலம் படரும். எதிர்விளிம்பில் அதற்கு ஈடான சிவப்பு இருக்காது. அது செவ்வாயின் மெல்லிய பனி மேகம், உண்மையான நிறம். தானாகப் பொருத்தும் பொத்தானை அழுத்தி, விளிம்பு அழகாக வர வேண்டும் என்று அதை அழித்துவிட்டால், இன்னொரு உலகத்தின் காலைப் பனியை அழித்தவர்கள் ஆவோம். இரண்டு பக்க ஓரத்தையும் பார் என்று பாய் சொன்னது இதற்கும் பொருந்துகிறது.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது சில விஷயங்கள்தான். காவலூர் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறது; போய்ப் பாருங்கள். அந்த மலையின் இருட்டைக் காப்பாற்ற, உங்கள் வீட்டு விளக்கும் கம்பெனி மதில் விளக்கும் வானத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். படம் எடுத்தால், வண்ணப் படத்தோடு மூன்று கறுப்பு வெள்ளைக் கோப்புகளையும் அழிக்காமல் வையுங்கள். எந்த ஊரில், எத்தனை மணிக்கு, கோள் எத்தனை பாகை உயரத்தில் இருந்தபோது எடுத்தீர்கள், எந்த நிறத்தை எந்தப் பக்கம் எத்தனை புள்ளி நகர்த்தினீர்கள் என்பதைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். அது எழுதப்பட்டிருந்தால் உங்கள் படம் இன்னொருவர் சரிபார்க்கக்கூடிய பதிவு.